பத்து ரூபாய்க் குற்றியை விடப் பெரிதா?

மட்டக்குளி வாசிகசாலை மண்டபத்தில்
கரம் போர்டைச் சுவரில் சாய்த்துவிட்டு
மேசை போட்டிருக்கிறோம்.
காற்றாடி ஒன்றுதான்,
அதுவும் மிட்வைஃப் மிஸ்ஸியின் பக்கம்.
எனக்கு மொழிபெயர்ப்பு வேலை:
சிங்களத்தில் அச்சான போமைத்
தமிழில் கேட்டு
பதிலைச் சிங்களத்தில் நிரப்ப வேண்டும்.

முதலாம் கேள்வி:
உங்கள் மாதவிடாய் இரத்தப்போக்கு அசாதாரணமானதா?

அசாதாரணம் என்றதும்
பொலிசுக்குக் கூப்பிட்டு விசாரித்தாற்போல்
இல்லை மிஸ், ஐயோ இல்லை மிஸ்.
பதினொரு பேர்.
பதினொரு கட்டத்திலும் இல்லை.

பன்னிரண்டாவதாகத் திலகேஸ்வரி வந்தாள்.
பேனையை மூடிவிட்டுக் கேட்டேன்,
"அந்த நாளில பஸ்ஸில சீட் கிடைச்சா
இருப்பீங்களா?"

"இருக்கவே மாட்டன்" என்றாள்
உடனே.
வெள்ளவத்தையில் சேலைக்கடை.
மெத்தைக்கு மேல் முதலாளியின் வெள்ளை விரிப்பு,
அதில் உட்கார்ந்துதான் சேலை பிரிக்க வேண்டும்.
மாதத்தில் ஒன்பது நாள்
முழங்கால் வலி என்று சொல்லி
நின்றபடியே பிரிக்கிறாள்.
முப்பத்து மூன்று வயதில் முழங்கால் வலி.
கடையில் அவளுக்கு நல்லெண்ணெய் சிபாரிசு செய்கிறார்கள்.

கட்டி விழுமா? பத்து ரூபாய்க் குற்றியை விடப் பெரிதா?
பேர்ஸைத் திறந்து
ஐந்து ரூபாயை மேசையில் வைத்தாள்,
பத்தை வைத்தாள்,
இரண்டையும் ஓரமாகத் தள்ளிவிட்டு
உள்ளங்கையைத் திருப்பி
நடுப் பள்ளத்தைக் காட்டினாள்.
விரல் நுனியில் குத்தி எடுத்துப் பார்த்தார்கள்:
ஏழு தசம் எட்டு.
"களைப்பு எல்லாருக்கும் இருக்கிறதுதானே மிஸ்?"

பிறகு நான் போமைப் பார்த்துக் கேட்கவில்லை.
மெத்தையைத் திருப்பிப் போட்டீங்களா?
ராத்திரி எத்தனை தரம் எழும்புவீங்க?
கல்யாண வீட்டுக்குப் போகாமல் விட்டதுண்டா?
'இல்லை'யென்று போன பதினொரு பேரில் நான்கு பேர்
கதவடியிலிருந்து திரும்பி வந்தார்கள்.

மஸாஹிராவிடம் எதையும் தோண்ட வேண்டியிருக்கவில்லை.
விட்ட நோன்பைக் களாச் செய்ய
அவளிடம் கணக்கு இருக்கிறது:
"கலியாணம் முடிச்ச வருஷம் ஆறு.
பொறகு பத்து.
இந்த நோன்புக்குப் பதினாலு."
டொக்டரிடம் காட்டவில்லையா?
"அவர் கேக்கல்ல, நான் சொல்லல்ல."

மார்சலின் அக்கா யாரும் அழைத்து வந்தவரல்ல.
மருமகளோடு வந்து
காற்றாடிக்குக் கிட்ட இடம்பிடித்திருந்தார்.
வயது அறுபத்தொன்று.
"எனக்கு நின்று எட்டு வருஷம், மகள்.
இப்ப ரெண்டு மாசமா திரும்ப எட்டிப் பார்க்குது.
அந்தோனியாரிட்ட நான் கேட்டது
வீட்டு டீட், குமரிப் பருவத்தையில்ல!"

மண்டபம் முழுக்கச் சிரிப்பு.
நானும் சிரித்தேன்.
அதையும் எழுதி வைக்கிறேன்: நானும் சிரித்தேன்.

மிஸ்ஸி சிரிக்கவில்லை.
கடித்த பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.
எவ்வளவு என்று கேட்கச் சொன்னார்.

"பொட்டளவு. உள்பாவாடையில ஒரு பொட்டு.
வலியுமில்ல ஒண்டுமில்ல."

உள்ளங்கையைக் காட்டியவளுக்கு
இரும்புக் குளிசையும் அடுத்த மாதக் கிளினிக்கும்.
பொட்டளவு சொன்னவருக்கு
அன்றைக்கே கடிதம்,
காசல் வீதி ஆஸ்பத்திரிக்கு,
சிவப்புப் பேனையால் அடிக்கோடிட்டு.

"ஒரு பொட்டுக்குக் கடிதமா?"
மார்சலின் அக்கா அதை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்
நான்காய் மடித்து வைத்தார்.
என்ன எழுதியிருக்கு என்று கேட்டார்.
தெரிந்தும்
"பார்க்கச் சொல்லி எழுதியிருக்கு" என்றேன்.
செவ்வாய் வேண்டாம், கொச்சிக்கடைக்குப் போகிற நாள் என்றார்.
சரி, திங்கள்.
காலை ஆறரைக்கு, சந்தியில்.
நானும் வாறேன்.

கரம் போர்டை இழுத்துப் போட்டபோது
திலகேஸ்வரி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.
பஸ் காசு மேசையில்.
ஐந்து, பத்து.
வாசலில் வெறும் கதிரை இருந்தது.
இருங்க என்றேன்.
இல்ல மிஸ் என்று
எடுத்துக்கொண்டு போனாள்.